தௌண்டுக்கு முன்னால் திறந்த டப்பா

அன்புள்ள அக்கா,

ஆறு மாதத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையில், 'கைமணம் என்று ஒன்றும் கிடையாது, பெண்களை அடுப்படியிலேயே நிறுத்திவைக்கக் கண்டுபிடித்த புகழ்ச்சி அது' என்று ஒரு வரி வந்தது. அன்றைக்குப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். இப்போது சண்டை போட வந்திருக்கிறேன்.

புனேயில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். போன மாதம் பிள்ளைகளோடு சென்னைக்கு ரயிலில் போனேன். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரயில் என்றாலே அம்மாவின் புளியோதரைதான் எங்களுக்கு. அதனால் காலையில் அரக்கப் பரக்க எழுந்து, அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்த அதே அளவில், ஊரிலிருந்து வரவழைத்த செக்கு நல்லெண்ணெயில், அம்மாவின் இரும்புச் சட்டியிலேயே காய்ச்சி, கலந்து, டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி கிளம்பி ஒரு மணி நேரத்தில், தௌண்டு வருவதற்குள்ளேயே பசித்தது, திறந்தேன். பெரியவன் ஒரு வாய் வாங்கிவிட்டு, சோலாப்பூரில் ஏறப்போகும் பிரியாணிக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னது தொடவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. எனக்கே அது அம்மாவின் புளியோதரையாக இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அளவு அதே, எண்ணெய் அதே, சட்டி அதே. அப்புறம் எது குறைந்தது? கைமணம் இல்லை என்று நீங்கள் சொன்னது சரியென்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். போனில் சாப்பாடு வரவழைக்கும் பிள்ளைகளுக்கு நான் எதைக் கொடுத்துவிட்டுப் போவது என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்.

(இன்னொன்று: கடைசியில் வெல்லம் போடலாமா? அம்மா நோட்டில் இல்லை. பெரியம்மா போட வேண்டும் என்கிறார்.)

*

அன்புள்ள எஸ்.,

சண்டைக்கு வந்தது நல்லது. அந்த வரியை இப்போது திரும்பப் படித்தேன். பாதிக்கு மேல் இன்னமும் சரி என்றுதான் படுகிறது, ஆனால் கொஞ்சம் சோம்பேறித்தனமாக எழுதியிருக்கிறேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 'தௌண்டு வருவதற்குள்ளேயே' திறந்தேன் என்கிறீர்கள். உங்கள் அம்மா அந்தப் புளியோதரையை எப்போது கலப்பார், நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் சாயங்காலம் வண்டி ஏறுகிறீர்கள் என்றால் காலையிலேயே கலந்து வைத்திருப்பார். ராத்திரி மதுரை தாண்டி ஒரு பொட்டலம், மிச்சம் மறுநாள் காலையில் செங்கல்பட்டு பக்கம். ஆக, நாக்கில் நீங்கள் வைத்துக்கொண்டிருப்பது பத்து மணி நேரம், இருபது மணி நேரம் ஆன சோற்றின் ருசி. நீங்கள் சாப்பிட்டது சுடச்சுடக் கலந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத சோறு. அளவும் எண்ணெயும் சட்டியும் ஒன்றாக இருக்கலாம், பண்டம் வேறு.

இதை நான் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். டில்லியில் இருந்த காலத்தில் எத்தனையோ தடவை புளியோதரை செய்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உங்களைப் போலவே 'இது இல்லை, இது இல்லை' என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்தேன். ராத்திரி வண்டி. சாயங்காலமே கலந்து, ஆறவைத்து, வாழையிலை கிடைக்காததால் மந்தாரை இலையில் கட்டி எடுத்துக்கொண்டேன். ஏறினதும் காய்ச்சல் மாதிரி இருந்தது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவள் மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழவில்லை. நாக்பூர் தாண்டித்தான் பசி வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் புளியோதரை. என் கையால், ஏழெட்டு வருஷமாக வராமல் இருந்தது, மத்தியப் பிரதேசம் முழுக்கத் தூங்கிக் கடந்ததில் தானாக வந்திருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால், சுடுசோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்தவுடன் அது பருக்கையின் வெளியில்தான் நிற்கிறது. நாக்கில் புளிப்பு தனியாக, உப்பு தனியாக, உறைப்பு தனியாகத் தட்டும், உள்ளே வெறும் சோறு. நேரம் ஆக ஆக உப்பும் புளியும் உள்ளே இறங்கும். சோறு ஆறும்போது அதிலிருக்கும் மாவுச்சத்து இறுகி, பருக்கை பருக்கையாக நிற்கும், அழுத்திப் பிசைந்தாலும் குழையாது. கடலைப்பருப்பு மொறுமொறுப்பு போய் ஒரு மாதிரி மெத்தென்று ஆகும். வெந்தயத்தின் கசப்பு எங்கேயோ பின்னால் போய் நின்றுகொள்ளும். இலை வேறு. தணலில் வாட்டிய வாழையிலையின் வாசனை ஆறிய சோற்றில்தான் ஏறும், பிளாஸ்டிக் டப்பாவில் ஆவி அடைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிற சோற்றுக்கு அந்த யோகம் இல்லை. கோயில் புளியோதரை ருசிக்கு மடப்பள்ளி விறகு, பெருமாள் கடாட்சம் என்று என்னென்னவோ சொல்கிறோம், பாதிக் காரணம் அது அண்டாவில் அமுங்கிக் கிடந்ததுதான் என்பது என் கட்சி.

கட்டுச்சோற்றில் எல்லாமே இப்படி நேரத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தவைதான். தயிர்சாதத்தைப் பாருங்கள். பயணத்துக்கு யாரும் தயிர் ஊற்றிப் பிசைய மாட்டார்கள். குழைய வடித்த சோற்றில் பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்து மூடிவிடுவார்கள். தூக்குச்சட்டிக்குள் அது பாட்டுக்கு வழியெல்லாம் உறைந்துகொண்டே வரும், திறக்கிற நேரத்துக்குத் தயிர்சாதமாக ஆகியிருக்கும். இட்லியை நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியில் இரண்டு பக்கமும் புரட்டி அடுக்கினால் காயாது, ராத்திரிக்குள் காரம் நடுவரை இறங்கியிருக்கும். தேங்காய் கூடாது, வெங்காயம் கூடாது, ஈரக் கரண்டி கூடாது. 'தண்ணி பட்டா தங்காது' என்று என் அம்மா நாலு தடவை சொல்வாள். புளியும் உப்பும் எண்ணெயும் ருசிக்காக மட்டும் அத்தனை தாராளமாக விழுந்தவை இல்லை. கொதிக்கும் உலையிலும் சாகாத ஒரு நுண்ணுயிர் அரிசியில் உண்டு, வெறும் சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி வயிற்றைக் கெடுக்கும், புளிப்பு ஏறிய சோற்றில் அதன் பாச்சா பலிக்காது. அதனால் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எலுமிச்சை பட்டும் படாமலும் பிழிந்த சாதத்தை இருபது மணி நேரம் வைத்துத் தின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அந்தக் காலத்தில் இதற்குப் பொதிசோறு என்று பெயர். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து களைத்த அப்பருக்கும், குருகாவூர்ப் பக்கம் வந்த சுந்தரருக்கும் சிவன் பொதிசோறு கொடுத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது, சுடச்சுட வடித்துப் போட்டதாகச் சொல்லவில்லை. சொல்லை நாம் விட்டுவிட்டோம். மலையாளத்தில் பொதிச்சோறு என்று இன்னும் தினப்படிப் புழக்கத்தில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் எனக்கு ஒரு பொதிச்சோற்றுக் கதை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கைமணம். நான் இல்லை என்றது மந்திரத்தைத்தான். நோட்டில் உங்கள் அம்மா 'புளி, எலுமிச்சை அளவு' என்றுதான் எழுதியிருப்பார். எந்த எலுமிச்சை? பங்குனியில் வந்த புதுப்புளியா, போன வருஷத்துப் பழம்புளியா? இரண்டுக்கும் நிறமும் வேறு, புளிப்பும் வேறு. அன்றைக்குக் கையில் இருந்த புளியைத் தொட்டுப் பார்த்து அவர் ஒரு பிடி கூட்டியோ குறைத்தோ இருப்பார். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி எண்ணெய் ஊற்றி விசிறி ஆற்றியிருப்பார். அது உங்கள் நோட்டில் இருக்காது, ஏனென்றால் அவருக்கு அது சமையலே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி ஒரு காரியம். இதைக் கைமணம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இதைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்கலாம், உங்கள் பெரியவனுக்கும் கற்றுக்கொடுக்கலாம். 'அம்மா கைக்கு வருமா' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் என் கோபம். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தவளுக்கு அந்தப் பெருமூச்சால் என்ன பிரயோஜனம்?

அப்புறம், பழைய ரயில் நினைவுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், என்னுடையதையும் சேர்த்து. எங்கள் ஊர் தென்காசி. மீட்டர்கேஜ் காலம். கொல்லம் மெயிலில்தான் சென்னை போவோம். இன்றைக்கு அதைப் பற்றி எழுதச் சொன்னால் திருகு கூஜா, வாட்டிய இலை வாசனை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, மணப்பாறையில் முறுக்கு என்று கை தானாக எழுதிக்கொண்டே போகும். (இரண்டுக்கும் இப்போது புவிசார் குறியீடு வந்துவிட்டது, பால்கோவாவுக்கு 2019, முறுக்குக்கு 2023. கட்டுச்சோற்றுக்கு மட்டும் எந்த ஊரும் உரிமை கொண்டாட முடியாது, எல்லா ஊரிலும் அதே புளி.) ஆனால் கண்ணில் விழுந்த கரித்தூளையும், காலை நீட்ட இடமில்லாமல் தம்பி என் மடியில் எச்சில் ஒழுகத் தூங்கியதையும், கூஜாவில் தண்ணீர் பிடிக்க அப்பா இறங்கினால் வண்டி கிளம்பிவிடுமோ என்று வயிறு கலங்க உட்கார்ந்திருந்ததையும் வற்புறுத்தித்தான் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு சித்திரை மாதப் பயணம். தம்பி பொடி வேண்டாம், தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் என்று தரையில் புரண்டான். தண்ணி பட்டா தங்காது என்று சொன்னவளே மனசு இறங்கி, வறுத்து அரைத்தால் ஒரு ராத்திரி தாங்கும் என்று செய்து, மேல் அடுக்கில் வைத்துவிட்டாள். விடிகாலையில் விழுப்புரம். அங்கே எஞ்சின் மாற்றுவார்கள், அதிலிருந்து சென்னைக்கு மின்சார எஞ்சின், அதனால் வண்டி நின்று நிதானமாகக் கிளம்பும். அம்மா கேரியரைத் திறந்தாள். வாடை அடுத்த பெஞ்சு வரைக்கும் போனது. சட்னி நுரைத்து வழிந்து கீழே இருந்த இட்லியெல்லாம் நனைந்திருந்தது. அவ்வளவையும் தண்டவாளத்தில் கொட்டினோம். அப்பா இறங்கிப் போய்ப் பிளாட்பாரத்தில் இட்லி வாங்கி வந்தார், கல்லு மாதிரி இட்லி, தண்ணீரில் இரண்டு பருப்பு நீந்துகிற சாம்பார். நானும் தம்பியும் ஆளுக்கு ஆறு தின்றோம். 'வீட்டுல ரெண்டு இறங்காது, இங்க பாரு' என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு அது அமிர்தம், ஏனென்றால் கடை இட்லி. உங்கள் பெரியவன் சோலாப்பூர் பிரியாணிக்குக் காத்திருந்ததை எழுதியிருக்கிறீர்களே, நானும் அவனும் ஒரே கட்சி.

இப்போது பொதிச்சோறு.

அந்த வண்டி கொல்லத்திலிருந்து வரும். புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை என்று மலையைச் சுற்றி இறங்கித் தென்காசிக்கு வரும்போது பெட்டியில் ஏற்கெனவே மலையாளக் குடும்பங்கள் பாதி இடத்தை நிரப்பியிருக்கும். எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும். எதிர் பெஞ்சில் ஒரு அம்மாளும் இரண்டு பையன்களும். இருட்டினதும் அந்த அம்மாள் பொதியைப் பிரித்தார். வாட்டிக் கறுத்த வாழையிலை, உள்ளே சிவப்புச் சோறு, ஒரு மூலையில் செங்கல் நிறத்தில் உருட்டி வைத்த சம்மந்தி. நம் துவையல் மாதிரிதான், தேங்காயும் வற்றல் மிளகாயும் சுட்டு, சின்ன உள்ளியும் புளியும் வைத்து அரைப்பது. என் அம்மா எங்களுக்கு எடுத்துவைத்துவிட்டு, மரியாதைக்கு நாலு இட்லியை இலைத்துண்டில் வைத்து நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு, தன் பொதியிலிருந்து ஒரு பிடி சோற்றையும் சம்மந்தியில் பாதியையும் கிள்ளி இலையில் வைத்துக் கொடுத்தார். பாஷை இரண்டு பேருக்கும் அரைகுறைதான். 'கழிக்கு, கழிக்கு', சாப்பிடு சாப்பிடு என்று கையால் காட்டினார்.

அம்மா வாங்கினதை எங்களுக்குக் கொடுக்கப் பார்த்தாள். எங்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. அதனால் அவளே சாப்பிட வேண்டியதாயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சோற்றில் சம்மந்தியைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வாயாக மெதுவாகச் சாப்பிட்டாள். கடைசியில் இலையில் ஒட்டியிருந்ததை ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டில் அவள் சாப்பிடுகிற நேரத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம், இல்லாவிட்டால் தூங்கியிருப்போம். அவள் சமைக்காத ஒன்றை அவள் சாப்பிட்டதும் அதற்கு முன் என் கண்ணில் பட்டதில்லை.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அம்மா அந்தச் சம்மந்தியை வீட்டில் அரைத்துப் பார்த்தாள். அம்மியில் அரைத்தாள், உரலில் இடித்தாள், மிளகாயைத் தணலில் சுட்டாள், தேங்காயைச் சுட்டாள், தேங்காய் எண்ணெய் வாங்கி ஒரு சொட்டு விட்டாள். அரைத்து, சுடுசோற்றில் ஒரு உருண்டை போட்டு வாயில் வைத்துவிட்டு, 'ம்ஹூம், அந்த மலையாளத்துக்காரி இன்னும் என்னமோ போட்டிருக்கா' என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வரி. எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

எஸ்., உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அம்மாள் எதுவும் போடவில்லை. காலையில் கட்டிய பொதி, பகல் முழுக்கச் சோறும் சம்மந்தியும் இலையும் ஒன்றோடொன்று அமுங்கிக் கிடந்து, ராத்திரி பிரித்தது, அவ்வளவுதான். கட்டுச்சோறு கட்டுவதில் கரைகண்ட என் அம்மாவுக்கு, அரைத்ததை ஒரு பகல் இலையில் கட்டிப் போட்டுவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு இது உறைத்தது அந்த நாக்பூர் பொட்டலத்துக்கும் பல வருஷம் கழித்து, அம்மா போன பிறகு. அந்த மீட்டர்கேஜ் பாதையையும் 2010-ல் மூடிவிட்டு, அகலப் பாதை போட்டு 2018-ல் திறந்தார்கள். சென்னை–கொல்லம் வண்டி மறுபடி அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. ஒரு தடவை அதில் போனபோது நானே பொதி கட்டி எடுத்துக்கொண்டு, ஆரியங்காவுப் பக்கம் பிரித்தேன். வந்திருந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை.

பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. முப்பது வருஷம் கழித்து உங்கள் பெரியவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அலுமினிய டப்பாவில் வந்த சோலாப்பூர் பிரியாணி மாதிரி வராதென்று எழுதுவான், யாராவது ஒரு அக்கா பதில் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. அந்தப் பிரியாணி வந்தபோது நீங்கள் ஒரு வாய் வாங்கிப் பார்த்தீர்களா? நீங்கள் சமைக்காத சாப்பாடு, சூடாக, உங்கள் இடத்துக்கே வந்திருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அடுத்த தடவை முந்தின நாள் ராத்திரியே புளிக்காய்ச்சலைக் காய்ச்சிவிடுங்கள். பழைய அரிசியாக வாங்கி உதிரியாக வடித்து, அகலத் தட்டில் கொட்டி, மஞ்சள்தூளும் எண்ணெயும் விட்டு, நன்றாக ஆறின பிறகு கலந்து, இலையில் கட்டுங்கள். உப்பு, அப்போதே ருசி பார்த்தால் ஒரு பொட்டு தூக்கலாகத் தெரிய வேண்டும். ஏறினதும் மேல் பெர்த்தில் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். தௌண்டு, சோலாப்பூர், ராய்ச்சூர் எல்லாம் போகட்டும். அதுவரைக்கும் பசித்தால் பையன் வரவழைப்பதில் பங்கு கேளுங்கள்.

வெல்லம்: பெரியம்மா சொல்வது சரி. சுண்டைக்காய் அளவு, அடுப்பை அணைக்கிற நேரத்தில். உங்கள் அம்மாவும் போட்டிருப்பார், எழுத மறந்திருப்பார்.

அன்புடன்,
அக்கா